அந்தப் படத்தில் இருப்பது உங்கள் இடது கை

அன்புள்ள டீச்சர்,

க்யூரேட்டருக்குப் பதில் அனுப்பிவிட்டேன். நான் வரைந்த உங்கள் உருவப்படம், நம் இருவர் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற அந்தக் கண்காட்சிக்குப் போகிறது. நீங்கள் எதிர்பார்த்த பதில் இது இல்லை என்று தெரியும். போனில் சொன்னால் "சரிம்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுவீர்கள். அந்த அப்புறம் வரவே வராது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது, மன்னியுங்கள். ஆனால் நாலு பேர் நின்று பார்க்கப்போகிற சுவரைப் பற்றித்தான் பேசுகிறோம். நாம் இரண்டு பேர் மட்டும் பேசித் தீர்க்க முடிந்திருந்தால் அந்தப் படம் இத்தனை காலம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருக்காது.

அன்று வரையும்போது முகம் சரியாக வந்திருந்தது. "மூக்கு என் மூக்குதான்" என்று நீங்களே சொன்னீர்கள். கைதான் வரவில்லை. முழங்கால்மேல் கிடந்த உங்கள் வலது கையைப் போடுவதும் சுரண்டுவதுமாக இருந்தேன். எழுந்து வந்து, கேன்வாஸ் நிறுத்தியிருந்த ஈசல் முன்னால் நின்றீர்கள். "இது யார் கை?" என்றீர்கள். நான் வாய் திறப்பதற்குள் வண்ணத்தைக் கரைக்கிற டர்பென்டைன் துணி கேன்வாஸ்மேல் போய்விட்டது. ஒரே இழுப்பு. மணிக்கட்டுக்குக் கீழே பழுப்பாக ஒரு கறைதான் மிச்சம்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். கண்ணாடியைச் சாய்த்து வைத்தீர்கள். வலது கையில் பிரஷ் இருந்ததால் இடது கையை முழங்கால்மேல் வைத்து, கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தீர்கள். கண்ணாடிக்குள் இடது வலதாகிவிட்டது. என் பாலெட்டிலேயே பர்ன்ட் சியன்னா பழுப்பில் துளி விரிடியன் பச்சை கலந்து, முதலில் விரல் இடுக்குகளில் நிழலை வைத்தீர்கள். விரல்களைத் தனியாக வரையவே இல்லை. நிழல் விழ விழ அவை தாமாக எழுந்து வந்தன. கடைசியில் ஈர வண்ணத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. புறங்கை நரம்பு தெரிந்தது. நான் டர்பென்டைன் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தேன்.

அப்படி ஒரு கையை என்னால் இன்றும் வரைய முடியாது. இதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் டீச்சர், அது நான் வரைய நினைத்த கை இல்லையே. உங்கள் வலது நடுவிரலில், நகத்துக்கு ஓரமாக, பிரஷ் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன இடம் ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் ஓரத்தில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறை. அதற்காகத்தான் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வேலை செய்த கை எனக்கு வேண்டியிருந்தது. இடது கையில் அந்தக் காய்ப்பு இல்லை, கண்ணாடியிலும் வராது. நீங்கள் கொடுத்தது மெத்தென்ற, யாரும் குறைசொல்ல முடியாத ஒரு கை. ஓவியம் வரைகிற பெண்ணின் படத்தில், ஓவியம் வரையாத கை.

ஏன் அப்படி வரைந்தீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. நீங்கள் பிரஷ் தொடாத வருடங்கள் என்று எல்லோரும் சொல்கிற அந்தக் காலத்தைப் பற்றி இங்கே எதுவும் எழுதமாட்டேன். உங்கள் வீட்டார் இதைப் படிப்பார்கள். உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அது போதும்.

ஓவியர் வான் டைக் கதையை நீங்கள் சொன்னது அந்தப் படத்துக்காக உட்கார்ந்திருந்தபோதுதான். 1624இல் இத்தாலியின் பலெர்மோவில், தொண்ணூறைத் தாண்டி, பார்வை மங்கிப்போன ஓவியர் சோஃபோனிஸ்பா அங்குவிசோலாவைப் பார்க்க இருபத்தைந்து வயது வான் டைக் போகிறார். அவர் கோட்டோவியம் போடும்போதே இந்த அம்மா யோசனை சொல்கிறார்: வெளிச்சத்தை ரொம்ப மேலேயிருந்து எடுக்காதே, சுருக்கங்களில் நிழல் பெரிதாகிவிடும். வான் டைக் அதைத் தன் நோட்டில் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கிறார். நீங்கள் இதைச் சொல்லிச் சிரித்தீர்கள், நானும் விளக்கைக் கீழே இறக்கினேன். எவ்வளவு அருமையாகச் சொன்னீர்கள்! பிறகு எழுந்து வந்து துணியை எடுத்தீர்கள். சோஃபோனிஸ்பா யோசனைதான் சொன்னார், டீச்சர். அந்தப் பையன் கையிலிருந்து எதையும் பிடுங்கவில்லை.

சரி, கண்காட்சி விஷயத்துக்கு வருகிறேன். சுவரில் ஒட்டப்போகிற வாசகத்தின் வரைவு உங்களுக்கும் வந்திருக்கும். நீங்கள் வேராம், நான் கிளையாம். நீங்கள் தொடங்கி வைத்தீர்களாம், நான் தொடர்கிறேனாம். ஒரு வரி விடாமல் அடித்துத் திருப்பி அனுப்பினேன். திமிர் என்று சிலர் சொன்னதாகக் காதில் விழுந்தது. சொல்லட்டும். மூத்த பெண்ணையும் இளைய பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாலே அம்மா, மகள் கதை வந்து ஒட்டிக்கொள்கிறது. மூத்தவருடைய படம் முன்னுரையாகிவிடுகிறது, இளையவருடையது நன்றியுரையாகிவிடுகிறது. இரண்டு பேருடைய படத்தையும் யாரும் பார்ப்பதில்லை.

மத்ரித்தின் பிராடோ அருங்காட்சியகம் 2019இல் தன் இருநூறாவது ஆண்டில் சோஃபோனிஸ்பாவையும், அவருக்கு இளைய ஓவியரான லவீனியா ஃபொன்டானாவையும் சேர்த்து வைத்ததே, அந்த கேட்லாக்கை என்னிடம் கொடுத்தது நீங்கள்தான். அதில் எந்தப் பக்கத்தில் அதிக நேரம் நின்றேன் என்று நீங்கள் கேட்டதில்லை. சோஃபோனிஸ்பா 1561இல் தன்னை வரைந்த படத்தில் இசைக்கருவி முன்னால் இருக்கிறார், பின்னால் வயதான பணிப்பெண். லவீனியா 1577இல் தன்னை வரைந்தபோது அவரும் இசைக்கருவி முன்னால்தான், பின்னால் பணிப்பெண்தான். பார்த்தவுடன் காப்பி என்று சொல்லிவிடலாம். ஆனால் லவீனியா படத்துக்குள், பின்னால் ஜன்னலோரமாக ஒரு ஈசல் நிற்கிறது. கல்யாணம் பேசி முடித்த வீட்டுக்குப் போகிற படம் அது. "நான் வேலை செய்கிறவள்" என்று அந்த வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். கல்யாணத்துக்குப் பிறகும் வரைந்தார், பதினொரு பிள்ளைகள் பெற்றார், கூலிக்கு வேலை எடுத்தார், கணவர் கூடமாட உதவினார். சோஃபோனிஸ்பாவோ ஸ்பெயின் அரசவையில் அரசியின் தோழி, அங்கே வரைந்தவற்றில் கையெழுத்துப் போடவில்லை. அவர் வரைந்த அரசர் இரண்டாம் பிலிப்பின் உருவப்படம் நெடுங்காலம் ஆண் ஓவியர்களின் பெயரில் இருந்தது. இளையவர்தான் முதலில் இறந்தார், 1614இல். மூத்தவர் 1625 வரை இருந்தார். இதில் யார் வேர், யார் கிளை?

கையெழுத்தில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். பிறகு எப்படி டீச்சர், க்யூரேட்டரிடம் "நான் அந்தப் படத்தைத் தொடவே இல்லை, முழுக்க அவளுடையது" என்று சொன்னீர்கள்? பெருந்தன்மை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு வலித்தது. அந்தப் படத்தைப் பார்க்கிற ஒவ்வொருவரும் முதலில் கையைத்தான் பாராட்டுகிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் "கை டீச்சர் போட்டது" என்று சொல்ல, அடக்கம் என்று நினைத்துத் தோளில் தட்டிவிட்டுப் போகிறார்கள். உங்கள் பெருந்தன்மை என்னைப் பொய் சொல்கிறவளாக்குகிறது. இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன். உங்கள்மேல் இருக்கிற பிரியம் இதில் ஒரு துளியும் குறையவில்லை, அதையும் சேர்த்தே படியுங்கள்.

அழித்துவிட்டு நானே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். துணியை எடுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றிருக்கிறேன். அவ்வளவு நல்ல வேலையை அழிக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதில் பயமும் கலந்திருந்தது என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது இத்தாலியின் சியேனாவில் இருக்கிற ஒரு படம். தன் ஆசிரியர் பெர்னார்டினோ காம்பி தன்னை வரைவது போல சோஃபோனிஸ்பாவே வரைந்தது. பிரஷ் ஆசிரியர் கையில், ஆனால் கேன்வாஸுக்குள் உயரமாக, வெளிச்சமாக நிற்பது மாணவி. அதைச் சுத்தம் செய்தபோது அவளுக்கு இன்னொரு இடது கை இருப்பது வெளியே வந்தது. முதலில் வரைந்து, பிறகு மூடிவிட்ட கை. ஆசிரியரின் கையை நோக்கி மேலே நீள்கிறது. பிரஷை வாங்கப் போகிறதா, தடுக்கப் போகிறதா என்று பார்க்கிறவர்கள்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரே படத்தில் இரண்டு இடது கைகள். யாரோ ஒருத்தி என் சங்கடத்தை நானூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே வரைந்து வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. எந்தக் கை யாருடையது என்பதை மறைக்காமல் மாட்டினால், அதுவே பார்க்க வேண்டிய படமாகிவிடும்.

அதனால் இப்படிச் செய்கிறேன். உருவப்படம் எதையும் திருத்தாமல் போகும். லேபிளில் என் பெயர் இருக்கும், அதற்குக் கீழே "கை வரைந்தவர்" என்று உங்கள் பெயர் இருக்கும். பக்கத்தில், அந்த நாளுக்கு முன்னால் நான் கரியில் போட்ட உங்கள் வலது கையின் கோட்டோவியங்கள், காய்ப்பும் கறையுமாக. சுமாராக இருந்தாலும் அவை என்னுடையவை. நீங்கள் மறுத்தால் படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன், லேபிளை மாற்றமாட்டேன். லிஸ்பனில் 2025இல் ஓவியர் பவுலா ரெகோவையும் இளையவரான அட்ரியானா வரெஷாவையும் சேர்த்து வைத்தபோது ரெகோ உயிரோடு இல்லை. நாம் இருவரும் இருக்கிறோம். அந்தக் கூடத்திலேயே நின்று, "இவள் சொல்வது தப்பு" என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால் சந்தோஷப்படுவேன்.

இன்னொன்று. உங்கள் பக்கத்துச் சுவருக்கு நீங்கள் அனுப்பிய பட்டியலில் எல்லாம் சமீபத்துப் படங்கள். பரண்மேல் கட்டி வைத்திருக்கும் படங்களை ஏன் விட்டீர்கள்? யாரும் வரையவில்லை என்று நினைக்கிற வருடங்களில் வரைந்தவை, ராத்திரியில் வரைந்தவை. அதில் இரண்டு மூன்றாவது வரட்டும். தேதி போடாமல் வந்தாலும் பரவாயில்லை. வண்டி வியாழக்கிழமை காலை உங்கள் வீட்டுக்கு வரும், நானும் கூட வருகிறேன். உருவப்படத்தையும் எடுத்து வருவேன். பின்பக்கத்தில், மரச்சட்டத்துக்குப் பக்கத்தில், உங்கள் கையெழுத்து வேண்டும். முன்பக்கத்தில் நான் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி