'முன்னிட்டு' என்ற ஒரே சொல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய மொழி கற்போருக்காக உங்கள் நாளிதழில் வந்த குறிப்பில் 'நி சைஷிதெ', 'நி அதத்தெ', 'ஒ கி நி' ஆகிய மூன்றுக்கும் 'முன்னிட்டு' என்று ஒரே பொருள் தரப்பட்டிருந்தது. சிறப்பு நிகழ்வுகளைக் குறிக்கும் இந்த முறைசார் தொடர்களை அப்படிப் படித்துக்கொள்ளும் மாணவருக்குத் தேர்வில் ஓரிரு மதிப்பெண் போவதோடு விஷயம் முடிவதில்லை. பின்னாளில் இரங்கல் கடிதம் எழுத நேரும்போது, கடை திறப்பு விழாவுக்கு உரிய தொடரை அதில் எழுதிவிடுவார். படிப்பவர் திருத்தமாட்டார், மனம் நோவார்.

தமிழில் 'முன்னிட்டு' அகலமான சொல். 'பொன்விழாவை முன்னிட்டுக் கண்காட்சி' என்றால் நிகழ்வு. 'பாதுகாப்பை முன்னிட்டுத் தடை' என்றால் காரணம். 'தேர்தலை முன்னிட்டு ஏற்பாடுகள்' என்றால் வரப்போவதற்கான ஆயத்தம். சூழலை வைத்து நாம் பொருள் கொண்டுவிடுகிறோம். ஜப்பானிய மொழியில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித் தொடர் உண்டு. காரணம் சொல்லும் அறிவிப்புப் பலகையில் 'நி த்சுகி' வரும்: 'உதென் நி த்சுகி ச்சூஷி' என்றால் மழை காரணமாக நிகழ்ச்சி இல்லை. அது பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் மட்டும் வரும். பெரும்பாலும் எழுத்தில்தான் வரும், அன்றாடப் பேச்சில் வராது. அதை ஒதுக்கிவிட்டு நிகழ்வுத் தொடர்களுக்கு வருகிறோம்.

தமிழ் மாணவர்கள் முதலில் சறுக்குவது வேற்றுமை உருபில். 'முன்னிட்டு', 'ஒட்டி' இரண்டும் 'ஐ' உருபை ஏற்பவை. அந்தப் பழக்கத்தில், 'ஐ'க்கு இணையாகப் படித்த 'ஒ'வைப் போட்டு 'கெக்கொன் ஒ சைஷிதெ' என்று எழுதிவிடுகிறார்கள் ('கெக்கொன்' என்றால் திருமணம்). இது தவறு. சைஷிதெ, அதத்தெ, சகிதத்தெ (முன்னதாக) மூன்றும் 'நி'யைத்தான் ஏற்கும். 'கி நி', 'கினென் ஷிதெ' (நினைவாக), 'மொத்தெ' (ஓடு, கொண்டு) ஆகியவை 'ஒ'வை ஏற்கும். காரணம் தெரிந்தால் உருப்போட வேண்டியதில்லை. 'அதத்தெ'யின் மூல வினையான 'அதரு' என்றால் மோதுதல், நேர்ப்படுதல். எதில் போய் மோதுகிறோமோ அதற்கு 'நி'. 'ஒ கி நி' என்பதில் ஒரு நிகழ்வைக் கையில் எடுத்து வாய்ப்பாக்கிக் கொள்கிறோம். கையில் எடுப்பதற்கு 'ஒ'.

அடுத்தது வினையின் வடிவம். 'சைஷிதெ'யில் உள்ள 'சை' என்ற எழுத்துக்கு 'கிவ' என்ற வாசிப்பும் உண்டு. விளிம்பு, ஓரம் என்று பொருள். நிகழ்வின் விளிம்பில் நிற்கும் நிலையையே இந்தத் தொடர் காட்டுகிறது. ஆகவே அதற்கு முன்னால் அகராதி வடிவ வினைதான் வரும், இறந்தகால வடிவம் வராது. 'கெக்கொன் சுரு நி சைஷிதெ' சரி. 'கெக்கொன் ஷித நி சைஷிதெ' தவறு. நடந்து முடிந்ததைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் 'கெக்கொன் ஷித சை நி' என்று தனிச் 'சை'யைப் பயன்படுத்த வேண்டும். அது இரண்டு காலங்களையும் ஏற்கும். பெயர்ச்சொல்லானால் 'நி சைஷிதெ'யை நேரே ஒட்டிவிடலாம்: 'கெக்கொன் நி சைஷிதெ'. வினையோடு எழுதுவதைவிட இதுவே இறுக்கமான, முறைசார்ந்த வடிவம். பின்னால் இன்னொரு பெயர்ச்சொல் வந்தால் நடுவில் 'நொ' வேண்டும். சேர்க்கையின்போது கவனிக்க வேண்டியவை என்பது 'ந்யூகாகு நி சைஷிதெ நொ ச்சூஇ'. இந்த 'நொ'வை விட்டுவிடுவதுதான் மிக அதிகமாகக் கண்ணில் படும் பிழை.

'நி அதத்தெ'யும் இதே வடிவ விதியைத்தான் பின்பற்றுகிறது. அதனால்தான் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் வருகிறது. வேறுபாடு நிகழ்வின் முன் நிற்கும் மனிதரிடம் இருக்கிறது. தானாக முடிவெடுத்தோ, முழு மனதோடு ஏற்றுக்கொண்டோ ஒரு கட்டத்தை எதிர்கொள்பவர் சொல்வது 'நி அதத்தெ'. 2019 மே 1 அன்று அரியணை ஏறிய பேரரசர் நருஹிதொ தம் முதல் உரையில் பயன்படுத்தியது இதன் குறுகிய எழுத்து வடிவமான 'நி அதரி'யைத்தான்: 'கோஇ ஒ கேஷோ சுரு நி அதரி', அதாவது அரச பதவியை ஏற்கும் இவ்வேளையில். அதைத் தொடர்ந்து வருபவை தந்தையின் பணியை எண்ணிப் பார்ப்பது, தம்மைச் செம்மைப்படுத்திக்கொள்வது, மக்களை எப்போதும் நினைப்பது. அத்தனையும் உறுதிமொழிகள். 'நி அதத்தெ' வந்தால் வாக்கியத்தின் கடைசியில் உறுதி, நன்றி, வேண்டுகோள், ஆயத்தம் இவற்றில் ஏதாவது ஒன்று வரும் என்று எதிர்பார்த்துப் படிக்கலாம்.

இங்கே ஒரு சுருக்கு விதி பரவியிருக்கிறது: 'நி அதத்தெ' நல்ல நிகழ்வுக்கு மட்டும் என்று. அது பாதிதான் உண்மை. இரண்டாம் உலகப் போர் முடிந்து 50 ஆண்டுகள் ஆனபோது, 1995 ஆகஸ்ட் 15 அன்று அப்போதைய ஜப்பானியப் பிரதமர் முரயாமா வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே 'ஷூசென் கினென்பி நி அதத்தெ' என்றுதான் முடிகிறது. போர் முடிந்த நினைவுநாளில் என்று பொருள். அங்கே கொண்டாட எதுவுமில்லை. ஆனால் அது ஒரு நாடு நிமிர்ந்து நின்று தன் நிலையைச் சொல்லும் கட்டம். பணி ஓய்வுக் கடிதங்களிலும் கடை மூடும் அறிவிப்புகளிலும் 'நி அதரி' தாராளமாக வருகிறது. ஆக, நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அது நாமாக எதிர்கொள்ளும் கட்டமா, நம்மீது வந்து விழுந்ததா என்று கேட்பதே சரி.

வந்து விழுந்ததற்கு 'நி அதத்தெ' ஒருபோதும் பொருந்தாது. தந்தையின் மறைவு, நிலநடுக்கம், நிறுவனம் நொடித்துப்போவது இவற்றுக்கு 'நி சைஷிதெ'தான். இறுதிச்சடங்குக்கு வந்தவர்களுக்கு அனுப்பும் நன்றிக் கடிதம் 'சோகி நி சைஷிமஷிதெ வ' (இறுதிச்சடங்கின்போது) என்றே தொடங்குவது வழக்கம். 'நி சைஷிதெ'யில் உணர்ச்சிச் சாயல் குறைவு. அதனால்தான் மகிழ்ச்சி, துயரம் இரண்டையும் அதனால் தாங்க முடிகிறது. ஒப்பந்தங்களும் விதிமுறைகளும் அதையே நாடுவதற்கும் இதுவே காரணம்.

ஒரே நிகழ்வை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1995 ஜனவரியில் கோபெ நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் நடந்த மீட்புப் பணியைச் சொல்ல 'நி சைஷிதெ' வேண்டும். பழைய கட்டடங்களை நிலநடுக்கம் தாங்கும்படி வலுப்படுத்த அதே ஆண்டிலேயே சட்டம் வந்தது. அதைச் சொல்ல 'ஒ கேகி நி' வேண்டும். 'நி அதத்தெ' போட்டால், யாரோ நிலநடுக்கத்தை நடத்தத் திட்டமிட்டது போல் ஒலிக்கும்.

'ஒ கேகி நி' என்று சொன்னதால் அதன் உறவுகளையும் சொல்லிவிடுகிறோம். 'ஒ கி நி', 'ஒ கிக்ககெ நி', 'ஒ கேகி நி' மூன்றுமே நிகழ்வுக்குப் பிறகு உண்டான மாற்றத்தைக் காட்டுபவை. வாக்கியத்தின் பிற்பகுதியில் மாற்றம் இல்லையென்றால் மூன்றும் தவறு. 'கெக்கொன் ஒ கி நி' என்று தொடங்கினால் வீடு மாறியது, வேலையை விட்டது, புகைபிடிப்பதை நிறுத்தியது என்று ஏதாவது வந்தாக வேண்டும்; 'வாழ்த்துகிறோம்' என்று முடிக்க முடியாது. 'கிக்ககெ' அன்றாடப் பேச்சுக்கும் உரியது. நண்பர் சொன்ன ஒரு வார்த்தை, தற்செயலாகப் பார்த்த ஒரு படம் கூடக் 'கிக்ககெ' ஆகலாம். 'கேகி' கனமானது, சட்டம், சமூகம், வரலாறு சார்ந்த திருப்பங்களுக்கு உரியது. 'கி' வாழ்க்கையின் கட்டங்களுக்கு: திருமணம், ஓய்வு, இடமாற்றம்.

நிகழ்வுக்கு முன் செய்வதற்கு 'நி சகிதத்தெ'. கூட்டம் தொடங்குமுன் மௌன அஞ்சலி செலுத்தச் சொல்லும் தொகுப்பாளர் 'கைகை நி சகிதச்சிமஷிதெ' என்பார். முறையான ஒரு நிகழ்வும், அதற்கு முன் முறையாகச் செய்ய வேண்டிய ஒரு செயலும் இருந்தால்தான் இது பொருந்தும். தூங்கப் போகுமுன் பல் துலக்குவதற்கு 'மாஎ நி' போதும்.

முடிப்பதற்கு 'ஒ மொத்தெ', பேச்சில் 'ஒ மொச்சிமஷிதெ'. கூட்டத்தை முடிக்கும் வாக்கியம் 'கொரெ ஒ மொச்சிமஷிதெ ஹேகை தொ இதஷிமசு'. தேதியோடு வந்தால் அந்த நாளும் கணக்கில் சேரும்: 31-ஆம் தேதி 'ஒ மொத்தெ' கடை மூடப்படுகிறது என்றால் 31 அன்று கடை திறந்திருக்கும், அதுவே கடைசி நாள். இதே தொடருக்கு 'கொண்டு', 'ஓடு' என்ற பொருளும் உண்டு. 2019 ஏப்ரல் 30 அன்று பதவி விலகிய பேரரசர் அகிஹிதொவின் சிறிய உரையில் இரண்டும் வருகின்றன. இன்றோடு பேரரசர் என்ற பணியை முடிக்கிறேன் என்று சொல்லும் இடத்தில் 'ஒ மொச்சி'. மக்கள்மீது ஆழ்ந்த நம்பிக்கையும் அன்பும் மரியாதையும் கொண்டு அந்தப் பணியைச் செய்ய முடிந்தது என்னும் இடத்தில் 'ஒ மொத்தெ'. இந்தத் தொடரைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியவில்லை.

'சை நி', 'ஒரி நி' இரண்டும் 'போது' என்பதன் மரியாதை வடிவங்கள். ரயிலில் 'ஒஒரி நொ சை வ' என்று கேட்கும் அறிவிப்பு, இறங்கும்போது பொருள்களை மறந்துவிடாதீர்கள் என்று சொல்வது. கட்டளைக்கும் எச்சரிக்கைக்கும் 'சை'. 'ஒரி' இதமானது, இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள் என்று அழைக்கும் கடிதத்துக்கு ஏற்றது. தீ விபத்து வழிமுறையில் 'ஒரி' எழுதினால் பொருந்தாது. (முதலில் வரும் 'ஒஒரி' இறங்குதல் என்ற வேறு சொல், தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரிவதால் குழம்ப வேண்டாம்.)

ஒரு பெரிய பொறியையும் சொல்ல வேண்டும். 'இந்த வேளையில்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'கொனொ சை' என்று வாழ்த்துரையைத் தொடங்குபவர்கள் உண்டு. 'கொனொ சை' என்றால் 'இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இனிச் சொல்லிவிடுகிறேன்' என்ற தொனி. அரங்கம் ஒரு கணம் திடுக்கிடும். அங்கே வேண்டியது 'கொனொ தபி' (இத்தருணத்தில்). அது திருமண வாழ்த்துக்கும் ஆகும், இரங்கலுக்கும் ஆகும்.

நடையைப் பொறுத்தவரை, எழுத்தில் 'அதரி', 'சைஷி' என்று குறுக்குவதும் மேடையில் 'அதரிமஷிதெ', 'சைஷிமஷிதெ' என்று நீட்டுவதும் முறை. தொடக்கம் இப்படி இருந்துவிட்டு முடிவு நண்பரிடம் பேசும் நடையில் இருந்தால் வாக்கியம் உடைந்துபோகும். திருமண அழைப்பிதழில் இன்னொன்றும் உண்டு: அதில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் போடுவதில்லை, அவை முறிவையும் முடிவையும் குறிக்கும் என்பதால். வரியை மடித்தும் இடைவெளி விட்டும் எழுதுவார்கள். 'நி அதரி'க்குப் பின் காற்புள்ளி போட்டே பழகியவர் அங்கே தடுமாறுவார். வெட்டு, பிரி, முடி என்ற பொருள் தரும் சொற்களும் திருமணத்தில் விலக்கு; விருந்து முடிகிறது என்பதற்கு 'ஒஹிரகி', அதாவது திறப்பு, என்பார்கள். மீண்டும் மீண்டும் என்னும் 'கசனெகசனெ' திருமணத்திலும் துக்கத்திலும் கூடாது. அந்த நிகழ்வு திரும்ப வரவேண்டாம் என்பதே காரணம்.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. 2010-இல் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஐந்து நிலைகளாக மாறியதிலிருந்து அதிகாரபூர்வ இலக்கணப் பட்டியல் வெளியாவதில்லை. எந்தத் தொடர் N2 நிலைக்கு உரியது, எது மிக உயர்ந்த N1 நிலைக்கு உரியது என்பது பாடநூலுக்குப் பாடநூல் மாறும். ஆகையால் நிலையைப் பார்த்துத் தள்ளிவைக்காமல் இவற்றைச் சேர்த்தே படிப்பது நல்லது. கோடிட்ட இடத்துக்கு முன் 'நி'யா 'ஒ'வா என்று பார்த்தாலே பெரும்பாலும் இரண்டு விடைகள் கழிந்துவிடும். மிச்சத்தை வாக்கியத்தின் கடைசி வினை சொல்லிவிடும். துண்டுகளை வரிசைப்படுத்தி நட்சத்திரக் குறியிட்ட இடத்துக்கு உரியதைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில், மேலே சொன்ன 'நொ'வை முதலில் தேட வேண்டும்.

உங்கள் பகுதியில் இனி இத்தகைய தொடர்களை வெளியிடும்போது, தமிழ்ச் சொல் ஒன்றை எதிரே போடுவதோடு நிற்காமல், உருபும் கடைசி வினையும் தெரியும்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இடம் போதாதென்றால் ஒரு நாளைக்கு ஒரு தொடர் போதும்.

இப்படிக்கு,
ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள்