மாணவர் விளையாட்டுப் போட்டியில் இளம் செய்தியாளர்கள் யாருக்காக எழுத வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி எழுத வைத்து இளைஞர்களைச் செய்தியாளர்களாக்கும் முயற்சி குறித்து, நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஒரு கருத்தையும் அதையொட்டி ஒரு வேண்டுகோளையும் முன்வைக்க விரும்புகிறேன். முயற்சி மிக நல்லது. ஆனால் பயிற்சி பெறுபவர் எழுதும் செய்தியைத் திருத்துவதும் வெளியிடுவதும் போட்டிக்குப் பொறுப்பான அமைப்பாகவே இருக்கும்வரை அது பாதிப் பயிற்சிதான். மீதிப் பாதியைத் தர வேண்டியவை தங்களைப் போன்ற நாளிதழ்கள்.

விவரம் அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1949-இல் உருவான பன்னாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு, சுருக்கமாக 'ஃபிசு', இத்தாலியின் டூரின் நகரில் 1959-இல் முதல் கோடைகாலப் போட்டியை நடத்தியது. நெடுநாள் 'யுனிவர்சியாடு' என்று வழங்கிய இப்போட்டிகள் இப்போது உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள் என்று அழைக்கப்படுகின்றன. கோடைகாலத்துக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனியாக, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகின்றன. 2011-இல் சீனாவின் ஷென்சென் நகரில் நடந்த போட்டியின்போது, பல நாடுகளிலிருந்து இதழியல் ஆர்வமுள்ள மாணவர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து வரவழைத்து, அனுபவமுள்ள செய்தியாளர்களின் மேற்பார்வையில் போட்டி நாள்கள் முழுவதும் எழுதவும் படம்பிடிக்கவும் வைக்கும் 'இளம் செய்தியாளர்' திட்டத்தைக் கூட்டமைப்பு தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூரில் நடந்த முதல் இளையோர் ஒலிம்பிக்கிலும் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இதே போன்றதொரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது.

இத்தகைய பயிற்சிக்கு ஒலிம்பிக்கைவிட மாணவர் போட்டியே ஏற்ற களம் என்பேன். ஒலிம்பிக்கில் நட்சத்திர வீரரைச் சுற்றி மேலாளர், விளம்பர நிறுவனத்தார், ஒளிபரப்பு உரிமை வாங்கிய தொலைக்காட்சிக்காரர் என்று வளையம் வளையமாக ஆட்கள் நிற்பார்கள். முதன்முறை போகும் செய்தியாளருக்குக் கிடைப்பது கடைசி வரிசையில் ஓர் இடமும், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்ட இரண்டு வாக்கியங்களும்தான். பல்கலைக்கழகப் போட்டியில் களமிறங்குபவர்களோ 18 முதல் 25 வயது வரையிலான மாணவர்கள், அல்லது அண்மையில் பட்டம் பெற்றவர்கள். அவர்களில் பெரும்பாலோரைப் பற்றி இதற்குமுன் யாரும் நாலு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள். ஆகவே எங்கோ வந்ததை எடுத்து ஒட்டிச் சமாளிக்க வழியில்லை. நேரில் போய்க் கேட்டால்தான் செய்தி.

கேட்பது என்பது எவ்வளவு கடினம் என்பதை 'மிக்ஸ்டு ஸோன்' எனப்படும் இடத்தில் ஒரு மாலை நின்றாலே தெரிந்துகொள்ளலாம். போட்டி முடிந்தவர்கள் உடைமாற்றும் அறைக்குத் திரும்பும் வழியில், இடுப்பளவுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் செய்தியாளர்கள் காத்திருக்கும் இடம் அது. மூச்சு இன்னும் அடங்காமல், ஆணிக் காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வரும் ஓட்டக்காரர் அங்கே நிற்பது ஓரிரு நிமிடங்கள்தான். "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "மகிழ்ச்சியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட எழுத முடியாது. "கடைசிச் சுற்றில் ஏன் வெளிப்பக்கம் விலகினீர்கள்?" என்று கேட்பவருக்கோ பந்தயத்தின் கதையே கிடைத்துவிடும். ஆனால் அப்படிக் கேட்க, பந்தயத்தைக் கைப்பேசித் திரையில் அல்லாமல் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். தோற்றவர் அழுதுகொண்டு வரும்போது ஒலிவாங்கியை நீட்டுவதா, வழிவிட்டு ஒதுங்குவதா என்பதையும் அந்த நொடியிலேயே முடிவுசெய்தாக வேண்டும். எதிரே வருபவரும் தன்னைப்போல ஒரு மாணவர் என்பதால் அந்த முடிவை எடுக்கும் பக்குவம் இளம் செய்தியாளருக்குச் சற்று விரைவாகவே கைகூடுகிறது என்று நம்புகிறேன். வயது ஏறிய பிறகு பலருக்கு அது மரத்துப்போய்விடுகிறது.

இதற்கு நேர்மாறான இன்னொரு திறன், யாரிடமும் பேசாமலேயே முடிவுத்தாளைப் படிக்கத் தெரிவது. 2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் நடந்த போட்டியில் தமிழகத்தின் பிரவீன் சித்திரவேல் மும்முறைத் தாண்டுதலில் 16.66 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். அவசரக்காரர் இந்த ஒரு வரியோடு செய்தியை முடித்துவிடுவார். 2023-இல் ஹவானாவில் அதே வீரர் 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தவர் என்று தெரிந்தவரோ, 71 சென்டிமீட்டர் எங்கே போனது என்று முடிவுத்தாளைப் புரட்டுவார். ஆறு வாய்ப்புகளில் எத்தனைக்கு எதிரே பிழைக்குறி விழுந்திருக்கிறது, ஒவ்வொரு தாண்டலுக்குக் கீழும் குறிக்கப்பட்டிருக்கும் காற்றின் வேகம் எதிர்க்காற்றா பின்காற்றா, நீளமான தாண்டல் முதல் வாய்ப்பில் வந்ததா கடைசி வாய்ப்பில் வந்ததா என்றெல்லாம் பார்ப்பார். பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்தத் தாண்டல் சாதனைப் பட்டியலில் ஏறாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இவ்வளவையும் பார்த்த பிறகு, தாளில் விடை இல்லாத ஒரு கேள்வி மிஞ்சும். அதை எடுத்துக்கொண்டு வீரரிடம் போக வேண்டும். இந்தப் பழக்கத்தை வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கலாம்தான். ஆனால் மறுநாளும் முடிவுத்தாள், அதற்கு மறுநாளும் முடிவுத்தாள் என்று 18 விளையாட்டுகளின் தாள்கள் வந்து குவியும் இடத்தில்தான் அது கைக்குப் பழகும்.

மாணவர் போட்டிதானே என்று இளக்காரமாக நினைப்பவர்களும் நம் செய்தி அறைகளில் உண்டு. 1979-இல் மெக்சிகோ நகரில் நடந்த யுனிவர்சியாடில் இத்தாலியின் பியட்ரோ மென்னியா 200 மீட்டரை 19.72 வினாடிகளில் ஓடிப் படைத்த உலக சாதனையை 1996 வரை எவராலும் முறியடிக்க முடியவில்லை. 2019-இல் நேப்பிள்ஸில் இந்தியாவின் டூட்டி சந்த் 100 மீட்டரை 11.32 வினாடிகளில் ஓடித் தங்கம் வென்றதும் இந்தப் போட்டியில்தான். அந்த வெற்றிக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அவர் தம் தன்பாலின உறவைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருந்தார்; அதற்கும் முன்பு, பெண்களின் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன் அளவைக் காட்டித் தம்மைத் தடைசெய்த விதியை எதிர்த்து விளையாட்டுக்கான நடுவர் மன்றம் வரை சென்று, 2015-இல் அந்த விதியை நிறுத்திவைக்கச் செய்திருந்தார். தடுப்புக்கு அப்பால் அவர் வந்து நிற்கும்போது 21 வயதுச் செய்தியாளர் முதலில் எதைக் கேட்க வேண்டும்? ஓட்டத்தைத்தான் என்பது என் துணிபு. அவர் அன்று அங்கே வந்தது ஓடுவதற்காக. மற்றவற்றை அவரே தொட்டால் தொடரலாம். இதில் மாற்றுக் கருத்து உடையவர்களும் இருப்பார்கள். இந்த விவாதத்தை அன்றிரவே பயிற்சி தரும் மூத்த செய்தியாளரிடம் உட்கார்ந்து நடத்த முடிகிறதே, அதுதான் இளைஞர்களுக்குக் கிடைக்கும் ஆதாயம்.

இனி என் குறைக்கு வருகிறேன். இளம் செய்தியாளர்கள் எழுதுபவை பெரும்பாலும் கூட்டமைப்பின் இணையதளத்திலும் சமூக ஊடகப் பக்கங்களிலும் வெளியாகின்றன. அங்கே எதை எழுதினால் வரவேற்பு இருக்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. தொடக்க விழாவின் வண்ணம், நாடுகளைத் தாண்டிய நட்பு, தன்னார்வலர்களின் புன்முறுவல், வென்றவரின் ஆனந்தக் கண்ணீர் ஆகியவையெல்லாம் உண்மைதான், எழுத வேண்டியவையும்தான். ஆனால் பேருந்து வராததால் பயிற்சியைத் தவறவிட்ட அணி, நடுவரின் முடிவை எதிர்த்து அளிக்கப்பட்ட முறையீடு, பார்வையாளர் இல்லாமல் காலியாகக் கிடந்த அரங்கு போன்றவற்றை விருந்துக்கு அழைத்தவரின் வீட்டிலிருந்துகொண்டு எழுத எவருக்கும் கை வராது. இதை நான் கூட்டமைப்பின் மீது குற்றமாகச் சுமத்தவில்லை. எந்த அமைப்பும் தன் செலவில் தன்னைக் குறைகூற ஆள் வைத்துக்கொள்ளாது.

2025 போட்டியில் நம் நாட்டு அணிக்கே நேர்ந்த ஒன்று இதைத் தெளிவாகக் காட்டும். இறகுப்பந்துக் (பேட்மிண்டன்) கலப்பு அணிப் போட்டிக்காக 12 பேர் ஜெர்மனிக்குச் சென்றனர். அவர்களில் 6 பேரின் பெயர்களை உடன்சென்ற அதிகாரிகள் உரிய நேரத்தில் பதிவு செய்யாததால், அந்த 6 பேரும் களத்தில் இறங்கவே முடியவில்லை. மற்ற 6 பேர் ஆடி வெண்கலம் வென்று வந்தனர். ஆடமுடியாமல் போன வீராங்கனை ஒருவர் சமூக ஊடகத்தில் எழுதிய பிறகுதான் இந்தச் செய்தி நாடு முழுவதும் பரவியது. அதன்பின் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் விசாரணைக்கு உத்தரவிட்டது. செய்தியாளர் செய்ய வேண்டிய வேலையைப் பாதிக்கப்பட்டவரே செய்துகொள்ள நேர்ந்தது. 12 பேர் போனார்களே, பட்டியலில் ஏன் 6 பெயர்கள் மட்டும் இருக்கின்றன என்று முதல் நாளே கேட்க, நாளிதழ் ஒன்றுக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்ட ஓர் இளம் செய்தியாளர் அங்கே இருந்திருந்தால் போதும். வெண்கலம் வென்ற படத்தோடு அவரது செய்தி நின்றிருக்காது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கோடைகாலப் போட்டி 2027 ஆகஸ்டில் தென் கொரியாவின் சுங்சோங் பகுதியில் நடக்கவிருக்கிறது. தங்கள் நாளிதழ் இதழியல் மாணவர்கள் இரண்டு அல்லது மூன்று பேரை இப்போதே தேர்ந்தெடுத்து, அந்தப் போட்டியைத் தமிழில் எழுதும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஒருவரையாவது நேரில் அனுப்ப முடிந்தால் சிறப்பு. முடியாவிட்டாலும் நேரலை ஒளிபரப்பும், உடனுக்குடன் வெளியாகும் முடிவுத்தாள்களும், வீரர்களோடு பேசக் கைப்பேசியும் இருக்கையில் செய்தி அறையிலிருந்தே பெரும்பகுதியைச் செய்துவிடலாம். கூட்டமைப்பின் திட்டத்துக்குத் தமிழ் மாணவர் எவராவது தேர்வானால் அவரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே அவர் எழுதுவது ஒன்றாகவும், இங்கே நம் செய்தி ஆசிரியர் கேட்டு எழுத வைப்பது வேறொன்றாகவும் இருக்கட்டும்.

நேரக் கணக்கும் இம்முறை நமக்குச் சாதகம். ஜெர்மனியில் இரவு 9 மணிக்கு முடியும் இறுதிப்போட்டி நமக்கு நள்ளிரவு 12.30, அதற்குள் பல பதிப்புகளின் பக்கங்கள் அச்சுக்குப் போய்விடும், விழித்திருப்பவர் அவசர அவசரமாக நாலு வரி சேர்ப்பதோடு சரி. கொரியாவில் இரவு 9 மணி என்றால் இங்கே மாலை 5.30. புதிதாக எழுதுபவரை எதிரே உட்காரவைத்து, முதல் பத்தியை மூன்று முறை மாற்றி எழுதச் சொல்லி, பெயர் உச்சரிப்பைச் சரிபார்த்து, ஐயம் உள்ள இடத்தில் வீரரை மறுபடி தொலைபேசியில் அழைக்கச் செய்து, அதன் பிறகும் குறித்த நேரத்தில் பக்கத்தை முடிக்க முடியும். இளைஞர்களைப் பழக்குவதற்கு இதைவிட வசதியான கால வித்தியாசம் அமையாது.

பயிற்சியை ஆகஸ்டு மாதத்தில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். 2020 முதல் நடந்துவரும் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளை முன்னோட்டமாக வைத்துக்கொள்ளலாம். கொரியாவுக்குப் போகக்கூடிய வீரர்கள் பலரை இளம் செய்தியாளர்கள் அங்கேயே முதலில் சந்தித்துவிடலாம். தேர்வாகும் மாணவர்களுக்குப் பயிற்சி உதவித்தொகை என்று ஏதேனும் ஒரு தொகையைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். அனுபவம் கிடைக்கிறதே என்று சொல்லி இளைஞர்களிடம் இலவசமாக வேலை வாங்கும் வழக்கம் நம் துறையில் வெகுகாலமாக இருக்கிறது. வீட்டில் வசதி உள்ளவர்கள் மட்டுமே நிலைத்து நிற்க முடிகிற தொழிலாக இது சுருங்கிவருவதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் எழுதுவது அவர்களின் பெயரோடு வெளியாக வேண்டும். தவறு நேர்ந்தால் திருத்தமும் அதே பக்கத்தில் வெளியாக வேண்டும்.

செய்தியை ஒவ்வொரு மாலையும் உட்கார்ந்து திருத்தித்தர ஆள் போதாது என்பதே தங்கள் தயக்கமாக இருக்குமானால், விளையாட்டுப் பக்கங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னைப் போன்ற சிலர் அந்த நாள்களில் ஊதியம் எதிர்பாராமல் தங்கள் அலுவலகத்துக்கு வந்து உதவ ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விளையாட்டுப் பக்க உதவி ஆசிரியர் ஒருவர்