அழகுக் கற்றாழை, சோற்றுக்கற்றாழை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுத் தோட்டப் பக்கத்தில் அகேவ் என்னும் அழகுக் கற்றாழையைப் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். யாரும் கண்டுகொள்ளாத செடிக்கு இடம் கொடுத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால், சோற்றுக்கற்றாழைக்குச் செய்வதையே இதற்கும் செய்தால் போதும் என்று எழுதியிருந்தது சரியில்லை. பெயரில்தான் இரண்டும் கற்றாழை. சோற்றுக்கற்றாழைக்குப் பூர்வீகம் அரேபியா. இது மெக்சிகோ பக்கத்துச் செடி. நம் ஊரில் ரயில் பாதை ஓரத்திலும் வயல் வேலியிலும் நிற்கிற ஆனைக்கற்றாழையின் சொந்தக்காரன்.

முதலில் சொல்ல வேண்டியது இதன் சாற்றைப் பற்றி. என் நாத்தனார் எங்கள் மாடியில் இருந்த மஞ்சள் கரை போட்ட செடியில் ஒரு மடலை அறுத்து, சோற்றுக்கற்றாழை என்று நினைத்துக் கன்னத்தில் தேய்த்துவிட்டார். பத்து நிமிஷத்தில் முகமெல்லாம் சிவந்து அரிப்பெடுத்தது. அன்று இரவு முழுக்க அவர் தூங்கவில்லை. இதன் சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. அவைதான் தோலில் குத்துகின்றன. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சோற்றுக்கற்றாழை மடலை ஒடித்தால் பட்டென்று ஒடியும், உள்ளே வழவழவென்று சோறு இருக்கும். அகேவ் மடல் ஒடியாது. நார் இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த நாரில்தானே கயிறு திரிக்கிறார்கள்!

அப்புறம் தண்ணீர். இரண்டு நாளைக்கு ஒரு முறை ஊற்றச் சொல்லியிருந்தீர்கள். அப்படி ஊற்றித்தான் என் முதல் செடியைக் கொன்றேன். பிளாஸ்டிக் தொட்டி, நிறையத் தொழுவுரம், தினமும் கவனிப்பு. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் நடுக்குருத்தைத் தொட்டேன். அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் நாற்றம். பக்கத்தில் முளைத்திருந்த இரண்டு கன்றுகளை மட்டும் காப்பாற்ற முடிந்தது. அவற்றைப் பிரித்து, வெட்டுவாய் காயும்வரை நாலு நாள் நிழலில் போட்டு வைத்துவிட்டு நட்டேன்.

இப்போது மண் தொட்டிதான். தொட்டியில் பாதி ஆற்று மணலும் உடைத்த செங்கல் துண்டும், மீதி செம்மண், ஒரு கைப்பிடி தொழுவுரம். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது, ஓரமாகத் தகரக் கூரைக்கு அடியில் தள்ளி வைத்துவிடுவேன். வெயில் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். ஆனால் நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே இருந்த செடியை வாங்கிய அன்றே மொட்டை மாடியில் வைத்தால் மடல் வெந்து வெளுத்துப்போகும். பத்து, பதினைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

குழந்தைகள் இருக்கிற வீட்டில் மடல் நுனி முள்ளை நகவெட்டியால் கத்தரித்துவிடலாம், செடிக்கு ஒன்றும் ஆகாது. முள்ளே வேண்டாம் என்றால் அகேவ் அட்டெனுவாட்டா என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

குருத்து விரிகிற நாட்களில் இந்தச் செடியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று இறுகச் சுற்றியிருந்த மடல்களில், பக்கத்து மடலின் விளிம்பு முட்கள் அழுந்திய தடம் அச்சு வைத்தாற்போல வரிசையாக இருக்கும். அந்தத் தடம் அழிவதே இல்லை. என் செடியில் ஒவ்வொரு மடலிலும் அதை விரலால் தடவிப் பார்க்கிறேன்.

அடுத்த இதழில் இரண்டு கற்றாழைகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அகேவ் சாறு முகத்தில் படக்கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள். உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு மடலை அறுக்கக் கத்தி எடுத்தவர்கள் எத்தனை பேரோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை