மருந்து அடிக்கும் முன் ஒரு படம்

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய செம்பருத்திப் படம் பார்த்தேன். கொழுந்து சுருண்டு, வெள்ளையாக அப்பிக் கிடக்கிறது. மாவுப்பூச்சிதான். என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இன்றைக்கு எதுவும் அடிக்காதே. நாளைக் காலை கிட்டத்தில் போய் இன்னொரு படம் எடு.

அந்த வெள்ளைக்குள் வேறொரு உயிரும் இருக்கலாம். மாவுப்பூச்சி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். முட்டை வடிவம், ஓரம் சுற்றிலும் குட்டையான மெழுகு இழைகள். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அசையாது. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு அதன் நடுவிலேயே திரியும். ஆனால் அதன் இழைகள் நீளம், கலைந்த தலைமுடிபோல நாலாபக்கமும் நிற்கும். வளர்ந்த புழு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், விறுவிறுவென்று நடக்கும். அதற்குச் சாப்பாடே மாவுப்பூச்சியும் அதன் முட்டையும்தான். வெறும் கண்ணுக்குப் பெரிய மாவுப்பூச்சி என்றே தோன்றும், பாவம். காப்பிச் செடியின் செதில்பூச்சியை ஒழிக்க 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்த வண்டு இது.

2008-ல் நம் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது உனக்கு நினைவிருக்கும். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. மெழுகுப் போர்வை இருப்பதால் மருந்தும் சரியாக உள்ளே இறங்காது. அதை அடக்கியது 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகள்; மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு, உள்ளேயே வளர்ந்து அதைக் கொல்பவை. அதில் முக்கியமான அசிரோபேகஸ் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைப் பார்த்த பிறகு, யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் மருந்து தெளிக்க எனக்கு மனசே வருவதில்லை.

சரி, படத்துக்கு வருவோம். சின்னதைக் கிட்டத்தில் பெரிதாகக் காட்டுகிற, போனில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள், விலை அதிகமில்லை. வெயில் ஏறுவதற்குள் எடு; அப்போது காற்றும் குறைவு, பூச்சியும் மந்தமாக இருக்கும். கிளையை ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டிவிடு. இவ்வளவு கிட்டத்தில் தெளிவாக விழுவது ஓரிரு மில்லிமீட்டர் ஆழம்தான். அதனால் கையைத் தொட்டியில் ஊன்றி, போனை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தியபடி வரிசையாக எடுத்துத் தள்ளு. ஒன்றிரண்டாவது தேறும். ஃப்ளாஷ் வேண்டாம், மெழுகு வெளுத்துப்போய் இழையே தெரியாது. திரையில் பூச்சியைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறை. மேலிருந்து மட்டும் எடுக்காமல் பக்கவாட்டிலும் எடு. இலையின் அடிப்பக்கத்தை மறந்துவிடாதே. பழுப்பாக உப்பி, முதுகில் சின்ன ஓட்டை விழுந்த மாவுப்பூச்சி கிடைத்தால் அதை அவசியம் எடு; ஒட்டுண்ணிக் குளவி உள்ளேயிருந்து வெளியே வந்த அடையாளம் அது.

எறும்பு ஏறுகிறதா என்றும் பார். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு காவல் நிற்கும், பொறிவண்டைக் கிட்டவே விடாது. எறும்பை முதலில் விரட்ட வேண்டும்.

படத்தில் பொறிவண்டின் புழு இருந்தால் செடியைத் தொடாதே, அது பார்த்துக்கொள்ளும். வெறும் மாவுப்பூச்சி மட்டும்தான் என்றால் சுருண்ட கொழுந்தைக் கிள்ளிப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, மீதியைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவு. அப்புறமும் வந்தால் வேப்பெண்ணெய் பற்றிப் பேசலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பு. சுருங்கி வந்தால் இழைகளை என்னால் பிரித்துப் பார்க்க முடியாது.

அன்புடன்,
அப்பா