டர்பைன் காரைப் பார்த்துவிட்டேன்

அன்புள்ள முரளி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே டெட்ராய்ட் பக்கம் எல்லோரும் நலம், குளிர்தான் போனபாடில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டலில் விடிய விடியப் பேசுவோமே, ஜெட் விமானத்தில் இருப்பதுபோன்ற டர்பைன் இன்ஜினில் ஓடும் கிரைஸ்லர் கம்பெனியின் டர்பைன் கார், அதை நேரில் பார்த்துவிட்டேன்டா! பிஸ்டன் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது, ஒரே ஒரு ஸ்பார்க் பிளக். செய்தது 55, மிஞ்சியது 9. 1963லிருந்து 1966 வரை 203 பேருக்கு ஆளுக்கு மூன்று மாதம் சும்மா ஓட்டக் கொடுத்தார்கள், எரிபொருள் மட்டும் அவரவர் செலவு. டீசல், மண்ணெண்ணெய் எதை ஊற்றினாலும் ஓடும், மெக்சிகோ ஜனாதிபதி முன்னால் டெக்கீலாவில்கூட ஓட்டிக் காட்டினார்கள். அன்றைக்குப் பெட்ரோல் பங்க்குகளில் எல்லாம் கிடைத்த ஈயம் கலந்த பெட்ரோல்தான் ஆகாது, டர்பைன் பிளேடில் ஈயம் படிந்துவிடும். எப்படி இருக்கிறது பார்!

ஒன்பதும் எங்கெங்கே என்று தெரிந்துகொள்வது பெரிய வேலையில்லை. டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்திலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தவற்றில் பலவற்றின் இன்ஜினை ஓடாதபடி செய்துவிட்டுத்தான் கிரைஸ்லர் கொடுத்தது, எனக்கோ உயிருள்ளது வேண்டும். தனியார் கைக்குப் போனவை இரண்டு. ஒன்று டிவி பிரபலம் ஜே லெனோவிடம், அவர் வீட்டுக் கதவை நான் எங்கே தட்டுவது? இன்னொன்று நெவாடாவில் ஹாரா கார் சேகரிப்பில் இருந்து, டொமினோஸ் பீட்சாவின் டாம் மோனகனிடம் போய், இந்தியானாவில் ஒருவரிடம் வெகுகாலம் இருந்துவிட்டு, 2021ல் மிச்சிகனுக்கே வந்துவிட்டது. செஸ்டர்ஃபீல்டில் ஸ்டால்ஸ் கார் சேகரிப்பு, அங்கேதான் பார்த்தேன். எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பிறந்த வீட்டுப் பக்கமே வந்திருக்கிறது. (பாடி மட்டும் இத்தாலிக்காரி, டூரினில் Ghia என்ற பட்டறையில் கையால் செய்தது.)

வெண்கல நிறம், உள்ளே தோலும் அதே நிறம். பின்னால் போய்தான் அதிக நேரம் நின்றேன், விளக்கு இரண்டும் ஜெட்டின் புகைவாய் போல உருண்டு உள்வாங்கி இருக்கின்றன. டேஷ்போர்டில் டர்பைனுக்குள் போகிற காற்றின் வெப்பத்துக்கென்றே ஒரு மீட்டர். சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 20,000 சுற்று அளவில் சுற்றுகிற இன்ஜின், நம் லேப் மோட்டாரை நினைத்தால் சிரிப்புதான் வரும்.

பிறகு ஏன் மற்றவற்றை நொறுக்கினார்கள் என்று கேட்பாய். இத்தாலியில் செய்த பாடிக்குச் சுங்கவரி கட்டவேண்டி வந்ததால் என்பதுதான் எல்லோரும் சொல்வது. எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. உதிரிபாகம் கிடைக்காமல், எந்த மெக்கானிக்குக்கும் புரியாமல், பழைய கார் கடை வாசலில் கிரைஸ்லர் பெயரோடு இந்த வண்டி கிடப்பதை எந்தக் கம்பெனி விரும்பும்? பரிசோதனைக் கார், வேலை முடிந்தது, அழித்தார்கள். ஓட்டிய குடும்பங்களுக்காவது விற்றிருக்கலாம் என்று மனசு கேட்கிறது, இன்ஜினியர் புத்தி அவர்கள் பக்கம் போகிறது.

ஜூனில் மகனைப் பார்க்க வருகிறாய் அல்லவா, டிக்கெட் போடுமுன் தேதியைச் சொல். அந்த இடம் தினமும் திறந்திருக்காது, கேட்டுச் சொல்கிறேன். அப்புறம், வரும்போது மறக்காமல் நல்ல நரசுஸ் காபிப்பொடி ஒரு கிலோ.

அன்புடன்,
சேகர்