ஞாயிறு காலை கோழிகளுக்குச் சொட்டு மருந்து

குடியாத்தம் தோட்டக் குழுவுக்கு வணக்கம். கத்திரி வெயிலுக்கு முன்னாடியே கோழிக்கு வர்ற வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு மருந்து போட்டுடலாம். லசோட்டாங்கிற இந்தத் தடுப்பு மருந்து குப்பி ஒண்ணு 100 கோழிக்கு வரும். ஆனா கலந்துட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும், அதான் எல்லா வீட்டுக்கும் ஒரே நாள்.

சனிக்கிழமை ராத்திரி பஞ்சாரத்துல அடைச்சதை காலையில திறந்து விடாதீங்க. அப்புறம் வேலி வேலியா யார் துரத்துறது? ஆறு மணிக்கே ஆரம்பம். மருந்து ஐஸ் ஃபிளாஸ்க்ல வரும்.

குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணுல ஒரு சொட்டு, 28ஆம் நாள் மறுபடி ஒண்ணு. சொட்டு விட்டதும் கையை எடுக்காதீங்க. ஒருதடவை கண்ணை மூடித் திறந்து மருந்து உள்ள இறங்குற வரைக்கும் பிடிச்சிருக்கணும். இல்லாட்டி தலையை உதறிடும், போட்டும் போடாத கணக்குதான். எட்டு வாரம் ஆனதுக்கு ஊசி, அது கால்நடை மருந்தகத்துல.

பச்சையா கழியுற, கழுத்து திருகிக்கிட்ட கோழியை மட்டும் தூக்கிட்டு வராதீங்க. இது தடுக்குற மருந்து, வந்த நோயைத் தீர்க்காது. செத்ததைப் பாலாத்துல வீசாம சுண்ணாம்பு போட்டு ஆழமா புதைச்சிடுங்க.

கோழிங்க கீரைப்பாத்தியைக் கிளறின பஞ்சாயத்தை மருந்து போட்ட பிறகு பேசிக்கலாம்.