மே 18 ரோமா–மிலான் ஆட்டம்: வவுச்சர் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய டிக்கெட்டில் பெயர் தவறாக இருந்ததால் ரோமா அணியின் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் போனது பற்றி நான் உங்களுக்கு அனுப்பும் நான்காவது மின்னஞ்சல் இது. முதல் மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: வருந்துகிறோம், அடுத்த சீசனில் ஏதாவது ஒரு ரோமா ஆட்டத்துக்கு 20 சதவீதத் தள்ளுபடி வவுச்சர் தருகிறோம். நீங்கள் விற்ற பொருள் என்னவென்று உங்களுக்கே தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் இதுவரை விளக்கி எழுதவில்லை. ரோமாவின் பயிற்சியாளர் ரனியேரி ஓய்வு பெறுமுன் சொந்த மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டத்தை, "ரனியேரி பிரியாவிடை" என்று பெயர் போட்டு 340 யூரோவுக்கு விற்றவர்கள் நீங்கள்தான். பிரியாவிடைக்கு அடுத்த சீசன் ஏது?

மே 20 அன்று போனில் 35 நிமிடம் காத்திருந்த பிறகு பேசிய உங்கள் ஊழியர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அட விடுங்க சார், எழுபத்து மூணு வயசுக் கிழவர் ரிட்டயர் ஆகறதுக்கு இவ்வளவா? இன்னொரு கோச் வருவார், மேட்ச் மேட்ச்தானே." சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். டிக்கெட் போனதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன், அந்தப் பேச்சை மறக்க முடியாது.

அந்தக் "கிழவர்" ரோமின் டெஸ்டாச்சோ பகுதியில் கசாப்புக் கடை வைத்திருந்தவரின் மகன். சின்ன வயதிலிருந்தே ரோமா ரசிகர், அந்த அணிக்காக லீகில் 6 ஆட்டங்கள் மட்டுமே ஆடியவர். பயிற்சியாளராக இங்கிலாந்தின் லெஸ்டர் அணியைச் சாம்பியன் ஆக்கியதை உலகமே அறியும். 2024 மே மாதம் காலியாரி அணியோடு போதும் என்று ஓய்வு பெற்ற மனிதர், நவம்பரில் ரோமா கூப்பிட்டதும் மூன்றாவது முறையாக அதன் பயிற்சியாளராக வந்தார். அப்போது அணி 12வது இடத்தில் கிடந்தது. அதே மண்ணின் இன்னொரு பிள்ளையான பயிற்சியாளர் டி ரோஸ்ஸியை, 2027 வரை ஒப்பந்தம் இருந்தும், அந்த சீசனின் நாலே ஆட்டத்தில் அனுப்பிவிட்டு, அடுத்து வந்த யூரிச்சையும் அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து லீகில் தொடர்ந்து 19 ஆட்டங்கள் தோல்வியில்லாமல் கொண்டுபோனார். 69 புள்ளிகளோடு ஐந்தாம் இடம், நான்காம் இடத்து யுவென்டஸுக்கு 70. ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு கைநழுவியது.

அவர் இன்னும் ஒரு வருடம் பெஞ்சில், அதாவது பயிற்சியாளராக, இருந்திருக்க வேண்டும் என்றுதான் நான் குளிர்காலம் முழுக்க எல்லோரிடமும் வாதாடிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்பவர்களுக்கும் காரணம் இருக்கிறது, ரோமாவுக்கு முதல் முறை பயிற்சியாளராக இருந்தபோது 2010 கோடையில் இப்படித்தான் தொடர்ந்தார், 2011 பிப்ரவரியில் ஜெனோவாவிடம் 3–0 முன்னிலையிலிருந்து 4–3 என்று தோற்றதும் ராஜினாமா செய்தார். அதெல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் 2009-இல் ரோமில் படிக்க வந்தவன். 2010 ஏப்ரலில் சாம்ப்தோரியாவிடம் 2–1 என்று தோற்று, பட்டம் கைநழுவிய இரவில் ஒரு பாரில் நின்று அழுதவன். அத்தனையும் தெரிந்துதான் சொல்கிறேன், பாதியில் வந்து ஆறு மாதத்தில் சிதறிக் கிடந்த அணியைத் திரட்டியவருக்கு, தொடக்கத்திலிருந்தே தன் அணியாக ஒரு முழு சீசன் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் போவது என்று அவரே முடிவு செய்துவிட்டார், ஆலோசகராக இருப்பாராம். இந்த வாரம் இத்தாலி தேசிய அணி பயிற்சியாளராகக் கூப்பிட்டதைக்கூட ரோமாவுக்காக மறுத்துவிட்டார். பெஞ்சுக்குப் புதுப் பயிற்சியாளராகக் காஸ்பெரினி வந்துவிட்டார். அப்படியென்றால் சொந்த மைதானத்தில் அவரை அந்த இடத்தில் பார்க்க மே 18 ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைத்தான் உங்களிடம் வாங்கினேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். டிக்கெட் முந்தின நாள் மாலைதான் வந்தது. என் இனிஷியலை விரித்து, என் அப்பா பெயரில் எடுத்திருக்கிறீர்கள், பிறந்த தேதியும் என்னுடையது இல்லை. இத்தாலியில் டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள் என்பது இந்தத் தொழில் செய்யும் உங்களுக்குத் தெரியாதா? தமிழர்கள் நடத்தும் நிறுவனம், இனிஷியல் என்றால் என்ன என்று நான் சொல்லித் தர வேண்டுமா? ஐந்து முறை கூப்பிட்டேன். "மாத்திட்டோம் சார், தைரியமா போங்க" என்றார்கள். நம்பி மிலானிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வந்து, டைபர் ஆற்றுப் பாலம் தாண்டி ஒலிம்பிகோ மைதான வாசலில் நின்றால், பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். 8.45-க்கு ஆட்டம். மூன்றாவது நிமிடம் ரோமாவின் மன்சினி கோல் போட்ட சத்தம் சுவருக்கு வெளியே எனக்குக் கேட்டது. 3–1 என்று முடியும்வரை அங்கேயே நின்றேன். பதினாறு வருடக் காத்திருப்பு அந்தச் சுவரோடு முடிந்துபோனது. என் வாழ்நாளிலேயே பெரிய இழப்பு இது, இதை ஈடுகட்ட யாராலும் முடியாது.

தயவுசெய்து இதை ஒரு மனிதர் படித்துப் பதில் எழுதுங்கள். எனக்கு வேண்டியது 340 யூரோவும், போக வர ரயிலுக்கான 118 யூரோவும், அந்த ஊழியரிடமிருந்து ஒரு மன்னிப்பும். ஜூன் 25-க்குள் வராவிட்டால் கார்டு வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்பேன், நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுப்பேன், இங்குள்ள எல்லாத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தக் கடிதத்தையே போடுவேன். அந்த நிலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை, முன்பு இரண்டு முறை உங்களிடம் நல்லபடியாகப் பயணம் போனவன் நான்.

டிக்கெட், ரயில் ரசீது, போன் அழைப்புப் பட்டியல் எல்லாம் இணைத்திருக்கிறேன். வவுச்சரை மறுபடி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
மிலான், 11 ஜூன் 2025